போர்முனைக்குச் செய்தி சேகரிக்கப் போகிறவர்களுக்கு: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் துணையாசிரியராக இருந்தேன். நான் போர்முனைக்குப் போனவள் இல்லை. போனவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அனுப்பிய செய்தியை வாங்கித் திருத்தி அச்சுக்கு அனுப்பியவள். இப்போது இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வகுப்பு எடுக்கிறேன். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

சென்னையில் இருக்கிற நமக்கு இதெல்லாம் எதற்கு?

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அந்த ஓர் இரவுக்கே 'எம்டன்' என்ற சொல் இன்றுவரை நம் பேச்சில் நிற்கிறது. ஆனால் இங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத தூரத்தில், இலங்கையில், 1983இல் தொடங்கி 2009 மே வரை ஒரு போர் நடந்தது. அந்தப் போரின் செய்தி பெருமளவு சென்னையின் செய்தி அறைகள் வழியாகத்தான் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் போனது. அதை அனுப்பியவர்களில் பலர் இன்று இல்லை. இந்த ஊரில் இதழியல் படிக்கிறவர்களுக்கு அது பக்கத்து வீட்டு விஷயம்.

செய்தியாளர்கள் தற்செயலாகக் குறுக்கே மாட்டிக்கொண்டு சாகிறார்களா, குறிவைத்துக் கொல்லப்படுகிறார்களா?

இரண்டும் நடக்கிறது. ஷெல் விழும்போது யார் நிருபர் என்று அது பார்ப்பதில்லை. புகழ்பெற்ற புகைப்படக்காரர் ராபர்ட் காபா 1954 மே மாதம் வியட்நாமில் கண்ணிவெடியில் கால் வைத்து இறந்தார். சண்டையை நெருங்கிப் படம் எடுக்கப் போன இடத்தில் நேர்ந்த மரணம் அது.

ஆனால் 'போர்' என்றதும் நாம் மனதில் போடும் படம், மணல் மூட்டைக்குப் பின்னால் கேமராவோடு ஒருவர் குனிந்து ஓடுவது. அந்தப் படம் பாதிதான் உண்மை. யாழ்ப்பாணத்தில் பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 அக்டோபர் 19 இரவு அவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஊரடங்கு அமலில் இருந்த நேரம், ராணுவக் காவல் நிறைந்த பகுதி. ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் வீசினார்கள். அவருடைய பெற்றோரும் சிறுவனான மருமகனும் காயப்பட்டார்கள். அன்று அவர் எந்தச் சண்டை நடக்கும் இடத்துக்கும் போகவில்லை.

2004 மே 31 அன்று மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் வேலைக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். 2005 ஏப்ரலில் 'தராகி' என்ற பெயரில் எழுதிவந்த தர்மரத்தினம் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்று, நாடாளுமன்றத்துக்கு அருகே போட்டார்கள். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் துப்பாக்கிகளோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த வருடம் யுனெஸ்கோ அதைக் கொழும்பில்தான் கொண்டாடியது.

வீடு, தெரு, அலுவலகம். இந்த மூன்று இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அதிக ஆபத்து யாருக்கு?

உள்ளூர்க்காரருக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியிலிருந்து போகிறவர் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளூர் நிருபரின் குடும்பம் அங்கேயே இருக்கிறது. அவர் எழுதியதைப் படிக்கிறவர்கள் அவருடைய தெருவிலேயே இருக்கிறார்கள். நியூயார்க்கில் இயங்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2024இல் உலகம் முழுவதும் 124 பத்திரிகையாளர்களும் ஊடக ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த அமைப்பு கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை ஒரே வருடத்தில் இத்தனை பேர் இறந்ததில்லை. அவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இஸ்ரேலியத் தாக்குதல்களில் இறந்தவர்கள், பெரும்பாலும் காசாவின் பாலஸ்தீனச் செய்தியாளர்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டு நிருபர்களைக் காசாவுக்குள் சுதந்திரமாகச் செல்ல இஸ்ரேல் விடவில்லை. அதனால் உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள், அவர்களில் பலர் தாங்களும் வீடிழந்து கூடாரத்தில் இருந்தவர்கள்.

2009இல் வன்னியிலும் இதே நிலைதான். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுதந்திரமான ஊடகம் எதையும் உள்ளே விடவில்லை. உள்ளே இருந்து எழுதிய புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பிப்ரவரியில் ஷெல் வீச்சில் இறந்தார்.

சட்டையில் 'பிரஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தால் சுட மாட்டார்கள் அல்லவா?

சுடக்கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 79ஆவது பிரிவு, போர்ப் பகுதியில் வேலை செய்யும் பத்திரிகையாளரைச் சாதாரணக் குடிமகனாகவே கருத வேண்டும் என்கிறது. குடிமக்களைக் குறிவைப்பது குற்றம், ஆகவே இவரைக் குறிவைப்பதும் குற்றம். ஐ.நா. பாதுகாப்பு அவை 2006இல் 1738 என்ற தீர்மானத்திலும் 2015இல் 2222 என்ற தீர்மானத்திலும் இதை மறுபடி வலியுறுத்தியது. இந்தியா அந்த 1977 நெறிமுறையில் சேரவில்லை. ஆனாலும் செய்தியாளரைக் குடிமகனாகக் காக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டம் என்றே செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது.

நடப்பு வேறு. 2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனின் நகரில் அல் ஜசீராவின் ஷிரீன் அபு அக்லே, 'பிரஸ்' என்று எழுதிய நீலக் கவச உடையும் தலைக்கவசமும் அணிந்துதான் நின்றார். தலைக்கவசத்துக்குக் கீழே குண்டு பாய்ந்தது. 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு லெபனானில் ராய்ட்டர்ஸின் இஸ்ஸாம் அப்துல்லா, அதே எழுத்து போட்ட உடையோடு சக செய்தியாளர்கள் மத்தியில் நின்றபோது டாங்கிக் குண்டில் கொல்லப்பட்டார்.

அந்த எழுத்து உங்களைக் காக்கிற இடமும் உண்டு, காட்டிக்கொடுக்கிற இடமும் உண்டு. எது எங்கே என்பதை அந்த ஊர்ச் செய்தியாளரிடம் அன்று காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்றைய பதில் இன்றைக்கு ஆகாது.

ராணுவத்தோடு சேர்ந்து போனால் பாதுகாப்புதானே?

சாப்பாடு, வண்டி, மருத்துவர் கிடைக்கும். ஆனால் அவர்கள் மேல் விழும் குண்டு உங்கள் மேலும் விழும். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி 2021 ஜூலை 16 அன்று காந்தகாரின் ஸ்பின் போல்டாக்கில் இறந்தபோது ஆப்கான் சிறப்புப் படையோடுதான் இருந்தார். ரோஹிங்கியா அகதிகளைப் படம் எடுத்த அணியில் ஒருவராக 2018இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அனுபவம் குறைந்தவர் என்று சொல்லவே முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. படையோடு போனால் அந்தப் படை காட்டுவதைத்தான் பார்ப்பீர்கள். செய்தியில் அதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

முதலில் கவச உடை. 'புல்லட் புரூஃப் ஜாக்கெட்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். துணி போல மடங்கும் கெவ்லார் உடை சிதறல்களையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தாங்கும். ரைஃபிள் குண்டைத் தாங்க முன்னும் பின்னும் பீங்கான் தகடு செருக வேண்டும். அப்படிச் செருகினால் பத்து கிலோவைத் தாண்டும். சென்னையில் மே மாத வெயிலில் ஒரு நாள் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள், அதோடு ஓட முடியுமா என்று தெரிந்துவிடும். ராணுவப் பச்சை நிறத்தை வாங்காதீர்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அங்கே கவச உடை கொண்டுவர அனுமதி வேண்டுமா என்று முன்னாலேயே விசாரியுங்கள். சுங்கத்தில் பறிகொடுத்துவிட்டு வெறும் சட்டையோடு போனவர்கள் உண்டு.

சாட்டிலைட் போன் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். வெளிநாட்டில் அவசரத்துக்குத் துராயா அல்லது இரிடியம் போன் வாங்கியவர், அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினால் வழக்குதான். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக்கூடாது. போர்ப் பகுதியிலும் அது இரு பக்கமும் வெட்டும் கத்தி. நீங்கள் பேசும்போது நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். சுருக்கமாகப் பேசுங்கள், பேசிய இடத்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்புறம் டூர்னிகே. ரத்தம் பீறிடும் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டை. இதற்குத் தனிக் கேள்வியே போட்டிருக்கிறேன்.

முதலுதவி அவ்வளவு முக்கியமா?

கவச உடையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரட்டாவில் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் மோர்ட்டார் சிதறல் பட்டு, தொடையில் ரத்தக்குழாய் அறுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் ரத்தம் வடிந்தே இறந்தார். கூட இருந்த யாராவது ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவராக இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கருக்குத் தோன்றியது. போர்ப் பகுதியில் சொந்தமாக வேலை செய்யும் செய்தியாளர்களுக்கு இலவசமாக முதலுதவிப் பயிற்சி தரும் ஓர் அமைப்பை அவர் தொடங்கினார்.

நானும் ஒரு முறை அரை நாள் பயிற்சியில் உட்கார்ந்தேன். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பட்டையை என் தொடையில், காயம் இருப்பதாக வைத்துக்கொண்ட இடத்துக்கு நான்கு விரல் மேலே சுற்றி, அதில் இருந்த சின்னக் குச்சியைத் திருகத் தொடங்கினார். இரண்டு சுற்றிலேயே கத்திவிட்டேன். அவர் என் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நாடி இன்னும் துடிக்கிறது, இது போதாது என்று இன்னொரு சுற்றுத் திருகினார். நாடி நின்ற பிறகுதான் விட்டார். வலி தாங்காமல் எதிரில் இருப்பவர் அலறும்போது நிறுத்தாமல் திருகுவதுதான் பயிற்சி என்று அன்று புரிந்தது. கட்டிய நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுத வேண்டும். மூட்டு மேல் கட்டக்கூடாது. பட்டை இல்லாவிட்டால் துப்பட்டாவையோ துண்டையோ அகலமாக மடித்துச் சுற்றி, நடுவில் ஒரு கட்டையைச் செருகித் திருகலாம். கயிறோ கம்பியோ வேண்டாம், சதையை அறுத்துவிடும்.

தொடையில் பெரிய குழாய் அறுந்தால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள். பட்டை பைக்கு அடியில் இருந்தால் பயனில்லை. ஒரு கையால் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

ஃபிக்ஸர் என்பவர் யார்?

உங்களுக்கு மொழி பெயர்த்து, ஆள் பிடித்து, வண்டி ஏற்பாடு செய்து, எந்தச் சோதனைச் சாவடியில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தருகிறவர். அவரும் செய்தியாளர்தான். ஆனால் பெயர் செய்தியில் வராது.

2007 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஓர் இத்தாலிய நிருபரும் அவருடைய ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்ஷபந்தியும் தாலிபானிடம் சிக்கினார்கள். ஓட்டுநரைக் கொன்றார்கள். சிறையில் இருந்த தாலிபான்கள் ஐந்து பேரை விடுவித்து இத்தாலியரை மீட்டார்கள். அஜ்மல் திரும்பவில்லை. அடுத்த மாதம் அவரையும் கொன்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, எங்கள் ஆள் யாராவது வெளிநாடு போனால் நான் முதலில் கேட்பது: உனக்கு ஜாக்கெட் இருக்கிறது, சரி, வண்டி ஓட்டுகிறவருக்கு இருக்கிறதா?

ஸ்ட்ரிங்கராக, அதாவது வேலையில் சேராமல் செய்திக்குச் செய்தி காசு வாங்குகிறவராக, நானே சொந்தச் செலவில் போய்ச் செய்தி கொண்டு வந்தால் வாங்கிக்கொள்வார்களா?

வாங்கிக்கொள்வார்கள், அதில்தான் ஆபத்து. ஜேம்ஸ் ஃபோலி அப்படிச் சொந்தமாக வேலை செய்தவர். 2012 நவம்பரில் சிரியாவில் கடத்தப்பட்டு 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். எந்த நிறுவனமும் முன்பணம் தராமல், காப்பீடு எடுக்காமல், "படம் நன்றாக இருந்தால் பார்க்கலாம்" என்று சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் போரினால் வரும் காயமும் மரணமும் சேராது. பாலிசியின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தன் உறுப்பினர்களுக்குப் போர்ப் பகுதிக்கான காப்பீட்டுக்கு வழி செய்கிறது. சொந்தமாக வேலை செய்கிறவர்களுக்கென்றே லண்டனில் ரோரி பெக் அறக்கட்டளை இருக்கிறது.

பெண்கள் போகலாமா?

போகிறார்கள். லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர் மேரி கோல்வின் 2001இல் வன்னியிலிருந்து வெளியே வரும்போது கைக்குண்டுச் சிதறல் பட்டு ஒரு கண்ணை இழந்தார். அதன்பிறகும் பதினொரு வருடம் போய்க்கொண்டே இருந்தார். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸில் இறந்தார். அங்கிருந்து அவர் அனுப்பியது, குண்டு மழையில் நிலவறையில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய செய்தி.

பெண்களுக்குக் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. அதை மூடி மறைத்துப் பேசுவதால்தான் யாரும் தயாராவதில்லை. கொலம்பியாவில் செய்தியாளர் ஜினெத் பெதோயா 2000இல் செய்திக்காக ஒரு சிறைக்குப் போனபோது வாசலிலேயே கடத்தப்பட்டு பாலியல் வன்முறைக்கு ஆளானார். 2021இல், அதாவது இருபத்தோரு வருடம் கழித்து, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் கொலம்பிய அரசைப் பொறுப்பாக்கியது. இப்படி ஏதாவது நேர்ந்து அலுவலகத்தில் சொன்னால், அதைக் காரணம் காட்டி அடுத்த பயணத்துக்கு அனுப்ப மாட்டார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுகிற பெண்கள் இருக்கிறார்கள். செய்தி ஆசிரியர்கள் இதைப் படித்தால், அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் வேலை.

சென்னையில் மேசையில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

நிறைய. கெடுக்கவும் முடியும். முதலில் நான் கெடுத்ததைச் சொல்கிறேன்.

போர் நடந்த காலத்தில் கிழக்கு இலங்கையில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒருவர் எங்களுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்வார். முதலில் இடம், பிறகு நேரம், கண்ணால் பார்த்தது, கடைசியில் காதால் கேட்டது. இந்த வரிசை மாறவே மாறாது. பெயர் போட வேண்டாம் என்பது ஒப்பந்தம். நான் போடவில்லை. ஆனால் ஒரு நாள் நைட் டூட்டியில், செய்திக்கு வலு சேரட்டும் என்று, 'அந்த ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர் கூறினார்' என்று எழுதிவிட்டேன். அந்த ஊரில் அப்போது தொலைபேசி வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அந்த வாரமே அவர் குடும்பத்தோடு வீடு மாற வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறார். ஆனால் அதன்பிறகு அவர் எங்களுக்குப் பேசவில்லை.

ஆறு சொற்கள். அவற்றை எழுதியபோது நான் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்தேன். வெளியூரில் இருப்பவர் பெயர், எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும், அழைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, ஒரு மணி நேரத்தில் யாரை, மூன்று மணி நேரத்தில் யாரை. கடைசி வரியில் இந்தியத் தூதரகமும் செஞ்சிலுவைச் சங்கமும். காணாமல்போன, கைதான செய்தியாளர்களுக்காகவே செஞ்சிலுவைச் சங்கம் 1985 முதல் ஓர் அவசரத் தொலைபேசி வைத்திருக்கிறது என்பது நிறைய செய்தி ஆசிரியர்களுக்கே தெரியாது. ஷிப்ட் முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவரிடம் அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம், "இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடு" என்று தொலைபேசியில் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

அலைபேசியில் கவனிக்க வேண்டியது?

படத்தில் எடுத்த இடமும் நேரமும் பதிவாகிவிடும். அனுப்பும் முன் நீக்குங்கள். சோதனைச் சாவடியில் போனைப் பிடுங்கினால் உங்களைவிட அதில் இருக்கும் ஆட்களுக்குத்தான் ஆபத்து. பழைய உரையாடல்கள் இல்லாத தனி போன் கொண்டு போங்கள்.

இந்தியாவுக்குள்ளேயே இந்த ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. 2018 அக்டோபர் 30 அன்று சத்தீஸ்கரின் தந்தேவாடாவில் தேர்தல் செய்திக்காகப் போலீஸாரோடு போன தூர்தர்ஷன் ஒளிப்பதிவாளர் அச்யுதானந்த சாஹு மாவோயிஸ்ட் தாக்குதலில் இறந்தார். 2025 ஜனவரியில் அதே மாநிலத்தின் பீஜப்பூரில் செய்தியாளர் முகேஷ் சந்திராகரின் உடல் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடைத்தது. அவர் எழுதியது மாவோயிஸ்ட்களைப் பற்றி மட்டும் இல்லை, சாலை போட்டதில் நடந்த ஊழலைப் பற்றியும். போர்ப் பகுதியில் சண்டையை மறைப்பாக வைத்துக்கொண்டு நடக்கும் மற்ற காரியங்களைத் தொடுகிற நிருபருக்கு எல்லாப் பக்கமும் எதிரிகள்தான்.

கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கிறதா?

மிகக் குறைவு. யுனெஸ்கோ 2024இல் சொன்ன கணக்கில், செய்தியாளர் கொலைகளில் 85 சதவீதம் தீர்க்கப்படாமல் கிடக்கின்றன. நிமலராஜன், சிவராம் கொலைகளுக்கு யாரும் தண்டனை பெறவில்லை. 2009 ஜனவரி 8 அன்று காலையில் கொழும்பில் காரில் போகும்போது கொல்லப்பட்ட 'சண்டே லீடர்' பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவுக்கும் அதே கதி. 2010 ஜனவரி 24 அன்று காணாமல்போன இலங்கைச் செய்தியாளர் பிரகீத் எக்னெலிகொடவை அவருடைய மனைவி நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய்த் தேடினார். மாலியில் இரண்டு பிரெஞ்சு வானொலிச் செய்தியாளர்கள் கொல்லப்பட்ட நவம்பர் 2, இந்தக் கொலைகளுக்குத் தண்டனை கேட்கும் சர்வதேச நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று ஒரு பெயரையாவது பத்திரிகையில் போடுங்கள்.

திரும்பி வந்த பிறகு மனசு என்ன ஆகும்?

கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், போர்ச் செய்தியாளர்களில் 28.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது தெரிந்தது. தூக்கம் கெடும், பட்டாசு வெடித்தால் தரையில் படுக்கத் தோன்றும். தீபாவளிக்குச் சென்னையில் இருக்காமல் வெளியூர் போய்விடும் ஒரு புகைப்படக்காரரை எனக்குத் தெரியும். போகாதவர்களுக்கும் வரும். 2009 மே மாதம் நாள் முழுக்க உடல்களின் படங்களைப் பார்த்து, அச்சிடக் கூடியது எது என்று பொறுக்கியது என் வேலை. அதன்பிறகு பல மாதம் கறிக்கடை இருக்கும் தெரு வழியாக என்னால் நடக்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

உண்மையை. மேலே சொன்ன தந்தேவாடா தாக்குதலில் உயிர் பிழைத்த, தூர்தர்ஷன் அணியின் உதவியாளர், குண்டுகளுக்கு நடுவே தரையில் படுத்தபடியே அம்மாவுக்கு ஒரு காணொளி பதிவு செய்தார். அம்மாவிடம் பேச வேண்டியதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம் ஓர் உறையில் இவற்றை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்: ரத்த வகை, ஒவ்வாமை, பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண், வங்கிக் கணக்குக்கு நாமினி யார் என்பது, அலுவலகத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. கூடவே உங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியும் பதிலும். யாராவது உங்களைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னால், நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று அதைக் கேட்டு உறுதி செய்வார்கள். ஃபேஸ்புக்கில் தேடினால் கிடைக்கும் விஷயமாக இருக்கக்கூடாது. சின்ன வயதில் வீட்டில் வளர்த்த ஆட்டுக்கு வைத்த பெயர் மாதிரி ஏதாவது. திரும்பி வந்ததும் அந்த உறையை வாங்கிக் கிழித்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு எண்கள் மாறியிருக்கும், கேள்வியும் புதிதாக இருக்க வேண்டும்.